கடைசி மூன்று எண்கள்

மே 2, வியாழன்

இந்த டைரியை ஒரு நகைக்கடையில் கொடுத்தார்கள். நகை வாங்கவில்லை, அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கப் போனேன். நாலு மாதமாகச் சும்மா கிடந்தது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதிய டாக்டர், "மனசுல வச்சுப் புழுங்காதீங்க சிஸ்டர், எழுதி வைங்க" என்றார். நான் எதையும் மனதில் வைத்துப் புழுங்குகிறவள் இல்லை. வாயால் சொல்லிவிடுவேன். அதுதான் மற்றவர்களுக்குக் கஷ்டம். ஆனாலும் டாக்டர் சொல்லை மீறிய நர்ஸ் என்ற பெயர் எனக்கு எதற்கு?

பெயர் ஹெப்சிபா. வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். ஓய்வு பெற்றபின் இந்தக் குளியல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு பழைய லாட்ஜின் கீழ்த்தளம். வீடில்லாமல் பிளாட்பாரத்தில் படுக்கிறவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. காலை ஐந்தரைக்குத் திறந்தால் மதியம் இரண்டு வரை. குளிக்கலாம், துணி துவைக்கக் கொடுக்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம், போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம், கேப்பைக்கூழ் குடிக்கலாம்.

எல்லாவற்றையும்விட மூட்டை அறை முக்கியம். ரோட்டில் இருக்கிறவர்கள் வேலைக்குப் போகாதது சோம்பேறித்தனத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். மூட்டையைச் சுமந்துகொண்டு போனால் எவன் வேலை கொடுப்பான்? விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. அதனால் காலையில் இங்கே வைத்துவிட்டுப் போவார்கள். சுவரில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்: "அடுத்தவர் மூட்டையைத் தொடக் கூடாது. கேட்காமல் எதையும் துவைக்கக் கூடாது."

இன்று குளியல் 46. போர்வை பத்தொன்பது, பிளீச்சிங் பவுடர் கரைத்த ஊறல் தொட்டியில். அவற்றோடு ஒரு மஞ்சள் பையும் போயிருக்கிறது. எப்படிப் போனதென்று தெரியவில்லை. புளித்த மோர் வாடை அடித்துக்கொண்டிருந்தது, இப்போது இல்லை.

மே 3, வெள்ளி

காலை ஆறரைக்கே கூச்சல். வெள்ளத்தாய், நேற்றுப் பூட்டுவதற்குள் பையை எடுக்க வராதவள். ஐம்பது வயதிருக்கும், சாத்தூர்ப் பக்கம். புருஷன் செத்து, வாடகை வீடும் போய், ஏழு மாதமாக பிளாட்பாரம். எங்கள் குளியல் வீட்டில் வாய்க்கு எனக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான். மஞ்சள் பையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ என் பையத் துவைச்சது? எவங்கறேன்!"

"பை சுத்தமாத்தானே இருக்கு, அதுக்கு ஏன் இந்தக் கத்து?" என்றேன்.

"சுத்தமாத்தான் இருக்கு சிஸ்டரு. நம்பரையும் சேத்துல்ல சுத்தம் பண்ணியிருக்கீக!"

விஷயம் இதுதான். மாசி மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவ நாள்கூலிக்குப் போயிருக்கிறாள். சமையல் மாஸ்டர் ஒரு பெண். வத்தலக்குண்டுப் பக்கம். பெயர் தெரியாது, எல்லாரும் மாஸ்டரம்மா என்று கூப்பிட்டார்களாம். இவள் சும்மா இராமல், சாம்பாரில் புளி தூக்கல், ஒரு துண்டு வெல்லம் போடுங்கள் என்று போய்ச் சொல்லியிருக்கிறாள். வேறு மாஸ்டராக இருந்தால் கரண்டியாலேயே ஒன்று வைத்திருப்பார். அந்த அம்மாள் வெல்லத்தைப் போட்டிருக்கிறார். சாயங்காலம் இவளைக் கூப்பிட்டு, பையின் உள்பக்கத்தில் பேனாவால் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"வைகாசி பொறந்தா வரிசையா முகூர்த்தம், நிரந்தரமா ஒரு ஆளு வேணும்னாக சிஸ்டரு. தங்க எடம், சாப்பாடு, சம்பளம். சித்திரை கடேசியில போன் போடு, முந்திப் போட்டா மறந்துருவேன், வைகாசி பொறந்துட்டா வேற ஆளப் போட்டுருவேன்னாக. எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. பைதான் இருக்குல்லன்னு இருந்துட்டேன்."

தங்க இடம் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது. வைகாசி பிறக்க இன்னும் பதினொரு நாள்.

பையை வாங்கிப் பார்த்தேன். மேல்வரியில் ஐந்து எண்கள், மங்கலாகத் தெரிகின்றன. கீழ்வரியில் இரண்டு. அப்புறம் ஒன்றுமில்லை. கடைசி மூன்று எண்கள் சுத்தமாகப் போய்விட்டன.

யார் தொட்டியில் போட்டது என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் அழகுமலையைப் பார்த்தார்கள். அழகுமலை எங்கள் சலவை ஆள். ஆறு வருடம் இதே பிளாட்பாரத்தில் கிடந்தவன், இப்போது சம்பள ஆள். நாற்பது வயதாகியும் சத்தமாகப் பேசத் தெரியாது. தலையைச் சொறிந்துகொண்டு, "நானாத்தான் இருக்கும்" என்றான். கூழ் பொங்குகிற மாதிரி இருந்தது. நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

மே 4, சனி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. குளியல் 58. தண்ணீர் லாரி இரண்டு மணி நேரம் தாமதம்.

பையை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். டார்ச் அடித்துப் பார்த்தோம். கோட்டைச்சாமி எங்கிருந்தோ பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். இவரும் பிளாட்பாரவாசிதான். ஒரு காலத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சர்க்கஸ், தள்ளுபடி விற்பனை, திருவிழா எல்லாவற்றுக்கும் ஊர் ஊராக அறிவிப்புச் செய்தவர். விபத்தில் முழங்கால் போனது, வண்டி போனது, குரல் மட்டும் போகவில்லை. "அழிந்த முதல் எண் எட்டாக இருக்கலாம், மூன்றாக இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"எதுவா இல்லாம இருக்கலாம், அதச் சொல்லுங்க" என்றேன்.

வெள்ளத்தாய் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அழகுமலையைத்தான் காலையிலிருந்து மதியம் வரை திட்டினாள். அவன் குனிந்த தலை நிமிராமல் துணி அலசினான். எனக்கு இன்று முழுவதும் தலைவலி, வெயில்தான்.

மே 5, ஞாயிறு

ஞாயிறு விடுமுறை. குழாய் ஒழுகுமோ என்று சந்தேகம் வந்ததால் குளியல் வீட்டுக்குப் போனேன். ஒழுகவில்லை. வந்ததற்கு வாளிகளைத் தேய்த்துக் கழுவிவைத்தேன். சனிக்கிழமை கழுவியவைதான், இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் யாருமில்லாததால்தான் இங்கே வருகிறேன் என்று அழகுமலை நினைக்கிறான் போலிருக்கிறது. மகன் பெங்களூரில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வருவான்.

அப்படியே அந்தக் கல்யாண மண்டபத்துக்கும் போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சமையல்லாம் பார்ட்டிக்காரங்களே கூட்டிட்டு வருவாங்கம்மா. நமக்கு அடுப்பு வாடகை மட்டுந்தான்." மாசி மாதப் பார்ட்டி யார் என்று கேட்டேன். "எத்தனையோ பார்ட்டி!" என்று கையை விரித்தான். வெயிலில் நடந்து வந்ததில் செருப்பு வார் பிய்ந்துவிட்டது.

மே 6, திங்கள்

காலையில் ஊசி போடும் மேஜையில் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று எண்கள்தானே இல்லை? 000 முதல் 999 வரை போட்டால் ஆயிரம் நம்பர். ஆயிரம் நோயாளி பார்த்திருக்கிறோம், ஆயிரம் போன் பேச முடியாதா?

கோட்டைச்சாமியிடம் சொன்னேன். "சிஸ்டரம்மா, இதுக்குத்தானே இந்தத் தொண்டைய ஆண்டவன் விட்டு வச்சிருக்கான்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். குளியல் வீட்டுப் போன், என் போன், அவருடைய பட்டன் போன். மூன்றும் களத்தில். தினமும் கூழ் வேலை முடிந்து ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை.

வார்டு சார்ட் மாதிரி ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். எண்ணே புழக்கத்தில் இல்லையென்றால் "இ". அணைத்துவைத்திருந்தால் "அ". மணி அடித்தும் எடுக்கவில்லையென்றால் "எ". தவறான ஆள் என்றால் "த". வசவு கிடைத்தால் "வ".

முதல் நாள் நூற்றெழுபது. கோட்டைச்சாமியின் பக்கத்தில்தான் "வ" அதிகம். காரணம் இருக்கிறது. போனை எடுத்ததும் அவர், "அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அரிய செய்தி!" என்று ஆரம்பிக்கிறார். ஏதோ விற்க வருகிறார்கள் என்று வைத்துவிடுகிறார்கள்.

"வணக்கம், கல்யாண சமையல் மாஸ்டரம்மாவா? இவ்வளவு போதும்" என்றேன்.

"அதுல ஒரு ஈர்ப்பு இல்லையேம்மா."

மே 7, செவ்வாய்

நான் போட்ட ஒரு நம்பரை விருதுநகரில் ஒருவர் எடுத்தார். சமையல் மாஸ்டரா என்று கேட்டதும், "கெடச்சா எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, என் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு விடிவு வேணும்" என்றார். பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. போன் சட்டென்று அணைந்தது. அந்த மனுஷனுக்கு என்ன ஆனதோ.

இன்னொருவர், "ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன், போலீசுக்குப் போவேன்!" என்று குதித்தார். நான் யாரென்று விளக்கினேன். நர்ஸ் என்றதும் குரல் மாறியது. முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்றார். வெந்நீர் ஒத்தடம் சொன்னேன். மலச்சிக்கலையும் கேட்டார். அதையும் சொன்னேன். இருபது நிமிஷம் போய்விட்டது. அவருக்கு "த" போடுவதா "வ" போடுவதா என்று தெரியாமல் "நோயாளி" என்று எழுதினேன்.

குளிக்க வருகிறவர்கள் இப்போது வரிசையில் நின்றுகொண்டே, "எத்தனை ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். சொந்தப் போன் வைத்திருக்கிற இரண்டு பேர் தங்களுக்கும் இருபது நம்பர் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளத்தாய் பேப்பர் பொறுக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு மணியடிப்புக்கும் என் முகத்தையே பார்க்கிறாள். நான் தலையாட்டினால், "சரி, அடுத்ததப் போடுங்க" என்பாள்.

மே 8, புதன்

ஐந்நூற்றி நாற்பது ஆனது. சோறு இறங்கவில்லை.

மே 9, வியாழன்

இன்று சலவைப் பக்கம் வரிசை நகரவே இல்லை. என்னவென்று போய்ப் பார்த்தால், அழகுமலை ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பிடித்து, "இது துவைக்கத்தானே? நெசமாத்தானே? பையில எதுவும் இல்லையே?" என்று மூன்று மூன்று தடவை கேட்டுக்கொண்டிருக்கிறான். நிற்கிறவர்கள் கத்துகிறார்கள்.

"என்னப்பா அழகுமலை, கல்யாணப் பொண்ணா பாக்குற? அள்ளிப் போட்டுத் துவை" என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். "இல்ல சிஸ்டர். அந்தப் பைய எப்ப எடுத்தேன், எப்பப் போட்டேன், எதுவும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. என் கையே எனக்குத் தெரியாம வேல பாக்குது. குடிய விட்டு நாலு வருசமாச்சு, இப்பப் போயி இப்படி ஆகுது. நீங்க வேற ஆள பாத்துக்கங்க. நான் கெளம்புறேன்."

கெளம்பி எங்கே போவான்? அந்தப் பிளாட்பாரத்துக்குத்தான்.

இப்போது எழுதிவிடுகிறேன். மூட்டை அறையைக் கூட்டப் போனது நான். மூன்றாவது தட்டில் அந்தப் பை நாறிக்கொண்டிருந்தது. யாருடையது என்று கேட்க ஆளில்லை. பைதானே என்று எடுத்தேன். உள்ளே இருந்த சேலையைத் தட்டிலேயே மடித்து வைத்துவிட்டு, வெறும் பையை என் கையால்தான் தொட்டியில் போட்டேன். சுவரில் சிவப்பு மையில் எழுதிய அதே கையால். வெள்ளத்தாய் கூச்சல் போட்ட நிமிஷமே எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு மெமோ வாங்காதவள் நான். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வாய் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "பையத் துவைச்சது அழகுமலை இல்ல. நான்."

அழகுமலை வாயைத் திறந்தபடி நின்றான். அப்புறம், "அப்பாடா!" என்றான். "நல்லவேளை சிஸ்டர். எனக்குப் பைத்தியந்தான் பிடிச்சிருச்சோன்னு நெனச்சேன்." கோபமே படவில்லை. நேராகப் போய்த் துணிகளை அள்ளித் தொட்டியில் போட ஆரம்பித்துவிட்டான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கோபப்பட்டது வெள்ளத்தாய். கூழ் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசன ஆறு நாளா நாயி மாதிரி திட்டுனேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக?"

"ஆமா."

"நம்பரு போனதுகூடப் போகட்டும். கையி தப்பா எடுக்கத்தான் செய்யும். என் வாயால அவனத் திட்ட விட்டீகளே சிஸ்டரு."

மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 10, வெள்ளி

வெள்ளத்தாய் வரவில்லை. குளியல் 51. எண்ணூற்றிப் பன்னிரண்டு வரை போட்டாயிற்று.

மே 11, சனி

ஆயிரம் முடிந்தது. கடைசி நம்பரைக் கோட்டைச்சாமி போட்டார். எல்லாரும் சுற்றி நின்றோம். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இரண்டு மொழியில் சொன்னது. கோட்டைச்சாமி போனை மடியில் வைத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத மெல்லிய குரலில், "நிகழ்ச்சி முடிந்தது" என்றார்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். "இ" நானூற்றிச் சொச்சம். "த"வும் "வ"வும் சேர்த்து இருநூற்றுக்கு மேல். "எ" நூற்றெண்பத்தேழு. மீதி "அ". தனியாக ஒரு நோயாளி.

அழகுமலை பிளாட்பாரம் முழுக்கத் தேடிவிட்டு வந்தான். வெள்ளத்தாயைக் காணவில்லை.

மே 12, ஞாயிறு

குழாய் பார்க்கப் போனேன். குளியல் வீட்டு வாசற்படியில் மூட்டையும் ஆளுமாக வெள்ளத்தாய் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகத் தலையில் எண்ணெய் தண்ணீர் படாத கோலம்.

"இன்னைக்கு லீவுன்னு தெரியாதா?" என்றேன்.

"ஒங்களுக்கும் லீவுதானே? நீங்க ஏன் வந்தீக?"

கதவைத் திறந்தேன். இரண்டு நாளும் அந்த மண்டபத்து வாசலில் போய் உட்கார்ந்திருந்தாளாம், மாஸ்டரம்மா மறுபடி வந்தாலும் வரலாம் என்று. வாட்ச்மேன் நேற்று விரட்டிவிட்டானாம்.

"மன்னிச்சிரு வெள்ளத்தாயி" என்றேன். எத்தனை வருடமாயிற்று நான் ஒருத்தரிடம் இந்த வார்த்தையைச் சொல்லி!

"கோவம் போகல. கோவம் தனி, போன் தனி. நம்பரு எல்லாம் முடிஞ்சுதா?"

முடிந்தது என்று சொன்னேன். நோட்டைக் காட்டினேன். எந்தக் கட்டம் என்ன என்று கேட்டாள். படிக்கத் தெரியாதவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். "எ" என்ற இடத்தில் நின்றாள்.

"இவுக எல்லாம் எடுக்காதவுகளா? எந்நேரம் போட்டீக?"

"காலையில ஒம்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும்."

வெள்ளத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கிரகமே! ஒம்பது மணிக்கு எந்தச் சமையல்காரி போன எடுப்பா? காலப் பந்தி முடிஞ்சு மத்தியானப் பந்திக்கு அண்டா ஏறுற நேரம். ஒரு மணிக்கு எல போட்டாச்சு. போனு எங்கயாச்சும் சாக்குக்குள்ள கெடக்கும். மூணு மூணரைக்கு மேல, அடுப்பு அணைஞ்சு, கால நீட்டி உக்காந்து வெத்தல போடும்போதுதான் சிஸ்டரு போன எடுப்பாக!"

ஆஸ்பத்திரியில் மூன்று ஷிப்டு பார்த்தவள் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

மணி நாலு ஆகியிருந்தது. உடனே போடலாமா என்றேன். போட்டோம். குளியல் வீட்டுப் போன் லீவு நாளில் அழகுமலையிடம் இருக்கும். என் போன் ஒன்றுதான் இருந்தது, அதுவும் நாற்பது நம்பரில் சார்ஜ் தீர்ந்தது, கரண்ட் வேறு இல்லை. ஒன்றும் ஆகவில்லை. நாளை மதியம் எல்லாரும் சேர்ந்து போடலாம் என்று முடிவு. நாளையோடு சித்திரை முடிகிறது. போவதற்கு முன் அவளைக் குளிக்கச் சொன்னேன். குளித்தாள்.

மே 13, திங்கள்

இரண்டு மணிக்குப் பூட்ட வேண்டிய குளியல் வீட்டை இன்று பூட்டவில்லை. பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அழகுமலை எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டான். வெள்ளத்தாய் அவனிடம் டம்ளரை வாங்கும்போது, "ஏப்பா, திட்டுனத மனசுல வச்சுக்காத" என்றாள். "நீ திட்டுனது ஒண்ணுமில்லக்கா, என் பொண்டாட்டி திட்டி நீ கேட்டதில்ல" என்றான் அவன்.

மூன்றேகாலுக்கு ஆரம்பித்தோம். நாலு மணி தாண்டியதும் என் போனில் ஒரு நம்பர் எடுக்கப்பட்டது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"யாருங்க?"

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெள்ளத்தாயிடம் கொடுத்தேன்.

"அக்கா, கல்யாண சமையல் மாஸ்டரம்மாவா? நான் வெள்ளத்தாயி. மாசியில மதுரை மண்டபத்துல பாத்திரம் கழுவுனேனே. சாம்பாருல வெல்லம் போடச் சொன்னேனே."

"மாசியில பதினோரு கல்யாணம்த்தா. எல்லா மண்டபத்துலயும் ஒருத்தி வந்து என் சாம்பாருக்குக் குத்தம் சொல்லத்தான் செய்யிறா."

வெள்ளத்தாயின் முகம் விழுந்துவிட்டது. "பைக்குள்ள நம்பரு எழுதிக் குடுத்தீகளே. மஞ்சப் பை."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "ஏய், நீயா! ஏன் இம்புட்டு நாளா கூப்பிடல? நாளைக்கு வேற ஒருத்திய வரச் சொல்லலாம்னு இருந்தேனே. நல்லவேள போ. காலையில காய்கறி ஏத்த நம்ம வண்டி மதுரைக்கு வருது. ஒன்னைய ஏத்திட்டு வரச் சொல்றேன். ஒன் வீடு எந்தப் பக்கம்?"

வெள்ளத்தாய் என்னைப் பார்த்தாள். ரோட்டில் படுக்கிறவளை யார் சமையற்கட்டுக்குள் விடுவார்கள்? நான் குனிந்து அவள் காதில், "என் வீட்டு விலாசத்தச் சொல்லு. ரயில்வே காலனி, மூணாவது தெரு" என்றேன்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "மறைச்சு நீங்க என்னத்தக் கண்டீக சிஸ்டரு?" என்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"வீடு இல்லக்கா. ஏழெட்டு மாசமா பிளாட்பாரத்துலதான் கெடக்கேன். ஆனா தெனமும் குளிக்கேன். இங்க ஒரு சிஸ்டரு இருக்காக, குளிக்காம இவுக யாரையும் விட மாட்டாக."

லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அது தெரியும்த்தா" என்றது குரல். "அன்னைக்குக் கூலி வாங்குனதும் அத்தன பேரும் வீட்டுக்கு ஓடிட்டாளுக. நீ மட்டும் கழுவிக் கவுத்துன அண்டாவ நிமித்திப் போட்டு ரெண்டாந்தடவ கழுவிக்கிட்டு நின்ன. போக எடம் இருக்கிறவ அப்படி நிக்க மாட்டா. நானும் அப்படி நின்னவதான். அதுக்குத்தான் நம்பரு எழுதிக் குடுத்தேன். வீடு எங்கன்னு கேட்டது வாய்ப் பழக்கம், தப்பா நெனச்சுக்காத. வண்டி எங்க வந்து நிக்கணும், அதச் சொல்லு."

வெள்ளத்தாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்தச் சாம்பாருக்கா இல்லயா?"

"எந்தச் சாம்பாரு?"

குளியல் வீடே சிரித்தது. கோட்டைச்சாமி வெள்ளத்தாயிடமிருந்து போனை வாங்கி, பெரியார் பேருந்து நிலையத்தின் பின்பக்கச் சந்துக்கு எப்படி வருவது என்று முழுக் குரலில் அறிவித்தார். மாஸ்டரம்மாவுக்கு நிச்சயம் காது வலித்திருக்கும். வெள்ளத்தாய் சிரித்தாள், அழுதாள், அழகுமலையின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். நான் கூழ்ப் பானையைப் பார்க்கப் போனேன். அது காலையிலேயே கழுவிக் கவிழ்த்த பானை. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமாக இருந்தது, வேறென்ன.

மே 14, செவ்வாய்

வைகாசி பிறந்துவிட்டது. காய்கறி வண்டி ஆறு மணிக்கு வந்தது. வெள்ளத்தாய் ஐந்தரைக்கே குளித்து, நான் கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு தயார். சேலை அவளுக்கு என்னைவிட நன்றாக இருக்கிறது. மருந்துக் காகிதம் ஒன்றில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நம்பவில்லை. என் நம்பரைப் பாட்டு மாதிரி பத்துத் தடவை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். நானே தப்பில்லாமல் சொல்லுகிறேனா என்று கோட்டைச்சாமியை விட்டுச் சரிபார்த்தாள்.

வண்டியில் தக்காளிக் கூடைக்கு இடையில் ஏறி உட்கார்ந்தபின் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழமை இங்க வந்து குழாயப் பாக்குறதெல்லாம் வேணாம் சிஸ்டரு. குழாய்க்கு ஒண்ணும் ஆகாது. பஸ் ஏறி அங்கிட்டு வந்துருங்க. முகூர்த்த நாளு, கையாளு பத்தாதுன்னு அக்கா சொன்னாக. நாலு சனத்தோட இருந்த மாதிரியும் இருக்கும்."

"எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு" என்றேன்.

"ஆமாமா" என்றாள் வெள்ளத்தாய். வண்டி கிளம்பிவிட்டது.

இன்று குளியல் 49. சலவை முப்பத்திரண்டு. ஒருவருக்குக் காலில் ஆணிப் புண், கட்டுப் போட்டாயிற்று.

வத்தலக்குண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஐந்து நாற்பதுக்காம். கோட்டைச்சாமியிடம் சும்மா கேட்டுவைத்தேன். போவதானால் வெங்காயம் நறுக்க என் கத்தியை எடுத்துப் போக வேண்டும். கல்யாண வீட்டுக் கத்தியை எப்போது கழுவினார்களோ, யாருக்குத் தெரியும்?